உளிச் சத்தம் கேட்கிற பக்கமாக

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி எடுத்துத் தங்குகிறவர்கள் மாமல்லபுரத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலும் அரை நாள். காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்து, பத்தரை மணிக்குக் கிளம்பி, கடற்கரைக் கோயில் முன்னால் படம் எடுத்து, ஐந்து ரதத்துக் கல் யானை மேல் ஏற்றிவிடச் சொல்லி அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, வெயில் உச்சிக்கு வரும்போது கடைகளுக்குள் நுழைவார்கள். அந்த நேரத்தில் நிழல் இருக்கிற கடை நல்ல கடை. மின்விசிறி சுற்றுகிற கடை அதைவிட நல்ல கடை. ஒரு மணி நேரத்தில் ஒரு சோழி மாலை, பெயர் எழுதிய சங்கு, கண்ணாடி பதித்த பை, உள்ளங்கையளவு பிள்ளையார். மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பியாயிற்று. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால், பிள்ளையாரைத் தவிர வேறெதுவும் இந்த ஊரில் செய்ததாக இருக்காது. சில சமயம் பிள்ளையாரும் வெளியூர்க்காரராக இருப்பார்.

கோயில்களையும் குகைகளையும் பற்றி இந்த அத்தியாயத்தில் அதிகம் பேசப்போவதில்லை. இது கடைகளுக்கான அத்தியாயம். இந்த ஊரில் வாங்கத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அது கல். மற்றவற்றையும் வாங்கலாம், தவறில்லை. ஆனால் கல்லை எப்படிப் பார்ப்பது, யாரிடம் கேட்பது, எப்படிச் சுமந்து போவது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த அரை நாள் வீணாகாது.

எப்போது போவது

தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னங்கள் காலை 6 மணிக்கே திறந்துவிடுகின்றன. இந்தியர்களுக்கு 40 ரூபாய்ச் சீட்டு; கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு போதும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்த பிறகு, இருவரும் கைகோத்து நின்ற வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கமும் சீட்டு கேட்க ஆரம்பித்தார்கள். விடிந்ததும் இவற்றைப் பார்த்துவிட்டால் ஒன்பது மணிக்குக் கடைப் பக்கம் வந்துவிடலாம். பட்டறைகளில் அந்த நேரத்தில்தான் வேலை சூடுபிடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது போணி நேரம். அன்றைய முதல் வியாபாரத்தைக் கடைக்காரர் நழுவவிட விரும்ப மாட்டார். முதல் ஆளாகப் போகிறவருக்கு விலையில் கொஞ்சம் இளக்கம் கிடைக்கும். இதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. போணி நேரத்தில் பேரத்தை ஆரம்பித்துவிட்டு, நீங்கள் கேட்ட விலைக்கே அவர் இறங்கி வந்த பிறகு, ‘பார்த்துட்டு வர்றோம்’ என்று நடையைக் கட்டுவது நல்லதல்ல. வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் அந்த நேரத்தில் விலையே கேட்காதீர்கள்.

சனி, ஞாயிறு வேண்டாம். வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே போணி நேரம் போய்விடும். கார் இல்லாதவர்களுக்குத் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக வரும் 515 பேருந்து இருக்கிறது. பலகையில் மாமல்லபுரம் என்றும் மகாபலிபுரம் என்றும் இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள், ஒரே ஊர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டறைகள் பாதி மூடிக் கிடக்கும். மாசி மகத்துப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரை மணலில் கூடாரம் போட்டுத் தங்கி, தங்கள் தெய்வத்தைக் கும்பிட்டு, கல்யாணங்களும் நடத்துவார்கள். அன்று போனால் ஒதுங்கி நில்லுங்கள்; கேமராவைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போகாதீர்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்காக நடப்பது இல்லை.

மூன்று தெருக்கள், மூன்று சந்தைகள்

ஊர் சின்னது. தலசயனப் பெருமாள் கோயிலையும் பேருந்து நிலையத்தையும் நடுவில் வைத்துக்கொண்டால் எல்லாமே நடக்கிற தூரம். ஆட்டோ வேண்டாம் என்று சொல்வது காசை மிச்சம் பிடிப்பதற்காக இல்லை. ஆட்டோக்காரரோ வழிகாட்டியோ கூட்டிக்கொண்டு போய் விடுகிற கடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ‘நம்ம கடைதான் சார், எனக்காக ஒரு தடவை பாருங்க’ என்பதன் பொருள் அதுதான். அந்தப் பங்கு உங்கள் பொருளின் விலையில் ஏறும். நடந்து போகிறவருக்கு அந்தச் சுமை இல்லை.

கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடல் பக்கம் போகிற ஒத்தவாடைத் தெரு, முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளை நம்பி வளர்ந்தது. தொளதொளக் கால்சட்டை, பருத்திச் சட்டை, காப்பிக் கடைகள், அலைச்சறுக்குப் பலகை வாடகை. காஷ்மீர்க்காரர்களின் கடைகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. பல ஆண்டுகளாக இங்கேயே இருப்பதால் தமிழில் சரளமாகப் பேரம் பேசுவார்கள், தேநீர் கொடுத்து உட்காரவைத்துச் சால்வைகளை ஒவ்வொன்றாக விரிப்பார்கள். பழகுவதற்கு இனியவர்கள். ஆனாலும் பாஷ்மினா வாங்குவதற்கு மாமல்லபுரம் வரவேண்டியதில்லை. மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டுகிற வித்தையைப் பார்த்து மயங்காதீர்கள். மெல்லிய செயற்கை இழைச் சால்வையும் மோதிரத்துக்குள் நுழையும். வெள்ளி வாங்கினால் 925 என்ற முத்திரையைப் பாருங்கள். இந்தத் தெருவில் எனக்குப் பிடித்தவர்கள் தையற்காரர்கள். உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைக் கொடுத்தால், அதே அளவில் புதிதாகத் தைத்து மறுநாள் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு உதவும்.

சாப்பாட்டையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். மீனைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். எடை போட்டு, சமைத்த பிறகு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அப்புறம் தலையாட்டுங்கள். சிங்கி இறால் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்.

கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலை சங்குக் கடைகளின் ராஜ்ஜியம். சோழி ஒட்டிய கண்ணாடி, சிப்பி விளக்கு, அரிசியில் பெயர் எழுதுகிறவர், தொப்பி, பனை ஓலைப் பெட்டி. நரிக்குறவப் பெண்கள் பாசிமணி மாலைகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கூடவே வருவார்கள். கோத்தது அவர்கள் கை என்பதால், இந்தச் சாலையில் செய்தவரிடமே நேரடியாக வாங்கக்கூடிய பொருள் அநேகமாக அது ஒன்றுதான். அவர்களிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

சங்குகளில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. பவளப் பாறைத் துண்டுகள், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். பட்டியலில் சில சங்கு, சிப்பி வகைகளும் உண்டு: நாட்டிலஸ், தலைக்கவசம் போலத் தடித்த பெரிய கொம்புச் சங்கு, ஊதுகொம்பு மாதிரி நீண்ட டிரைட்டன் சங்கு, ராட்சதச் சிப்பியில் இரண்டு வகை. பூசைக்கு வைக்கிற வெண்சங்கு இந்தப் பட்டியலில் இல்லை. எந்தச் சங்கு எது என்று அடையாளம் தெரியாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி, பெரியதையும் அபூர்வமானதையும் விட்டுவிடுவது. வெள்ளைப் பவளக் கொத்தைப் பார்த்து ‘மீன்தொட்டிக்கு நல்லா இருக்குமே’ என்று தோன்றினால் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது கடைக்காரர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

மூன்றாவது, ஐந்து ரதத்துக்குப் போகிற சாலை. பேருந்து நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் முதலில் காதில் விழுவது சத்தம்தான். முன்பெல்லாம் டிங், டிங் என்று உளிச் சத்தம் மட்டும். இப்போது அதற்கு மேலே மின்சாரக் கிரைண்டர்களின் அலறல். வெள்ளைப் புழுதி மூடிய மனிதர்கள், பாதி வெளிவந்த நந்திகள், முகம் முடிந்து உடம்பு பாறையாகவே நிற்கிற அம்மன்கள். இந்தச் சாலைக்குத்தான் உங்களை அழைத்துவர நினைத்தேன்.

பல்லவர் பரம்பரை என்று சொன்னால்

ஏதாவதொரு கடையில் ‘நாங்க பல்லவர் காலத்துலேர்ந்து இதே வேலைதான் சார்’ என்று சொல்வார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் இந்தப் பாறைகளைக் குடைந்தவர்களின் உளி இந்த ஊரில் இடைவிடாமல் தொடர்ந்து ஒலிக்கவில்லை. இப்போது நீங்கள் பார்க்கிற சிற்பத் தொழில் இங்கே வேர்விட்டது 1957-இல், அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கிய பிறகு. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. பிறகு பொறுப்பேற்ற அவர் மகன் கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி உயரத்துக்கு வள்ளுவரை எழுப்பியவர். அந்தச் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பயிற்சி நிலையம் வளர்ந்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாகி இன்றும் நடக்கிறது. அங்கே படித்தவர்களும், படித்தவர்களிடம் கையாளாக இருந்து தொழில் கற்றவர்களும் போட்ட பட்டறைகள்தான் இந்தச் சாலை முழுவதும்.

எனக்கு இது பல்லவர் கதையைவிடப் பெரிய கதையாகப் படுகிறது. மறந்துபோன ஒரு தொழிலை ஒரு பள்ளிக்கூடம் வைத்து ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே ‘எங்க அப்பா காலேஜுல படிச்சவர்’ என்று ஒருவர் சொன்னால், அவரைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

கல்லைப் பார்ப்பது எப்படி

முதலில் என் சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன்னால், கடற்கரைச் சாலையில் ஒரு கடையில், ஒன்பது அங்குலத்தில் கன்னங்கரேலென்று ஒரு பிள்ளையார் வாங்கினேன். கருங்கல் என்றார்கள், கருங்கல் விலையே கொடுத்தேன். வீட்டில் அம்மா நல்ல நாள் பார்த்துப் பால், எண்ணெய், சீயக்காய் எல்லாம் வைத்து அபிஷேகம் செய்தாள். மூன்றாவது சொம்பு வெந்நீரில் பிள்ளையாரின் தொப்பையில் கறுப்பு கரைந்து ஓட, உள்ளிருந்து சாம்பல் வெள்ளையாக இன்னொரு பிள்ளையார் எட்டிப் பார்த்தார். மெழுகும் மையும் போட்டுத் தேய்த்த மாவுக்கல். நான் கோபத்தில் குதித்தேன். அம்மா அசரவில்லை. ‘திருவலஞ்சுழிக்குப் போகணும்னு நெனச்சிண்டிருந்தேன், அவரே வந்துட்டார்’ என்று அந்த ஊர் வெள்ளைப் பிள்ளையாரின் பெயரையே இவருக்கும் வைத்துவிட்டாள். இன்னும் பூசை அலமாரியில்தான் இருக்கிறார். ஆனால் அபிஷேகம் மட்டும் கிடையாது.

மாவுக்கல் கெட்ட கல் இல்லை. மென்மையானது, நுணுக்கமாகச் செதுக்க வரும், விலை குறைவு. சின்னச் சின்ன யானை, ஆமை, உருண்டைக்குள் உருண்டை குடைந்த வேலைப்பாடு எல்லாம் அதில்தான் அழகாக வரும். அலமாரியில் வைக்க அது போதும். கருங்கல் என்று சொல்லி அதை விற்பதுதான் பிரச்சினை. சோதிப்பது எளிது. சிலையைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் சாவியால் ஒரு கோடு போடச் சொல்லி கடைக்காரரிடமே கேளுங்கள். மாவுக்கல்லில் வெள்ளைக் கோடு விழுந்து பொடி உதிரும். சில சமயம் நகமே போதும். கருங்கல்லில் சாவிதான் தேயும். கோடு போடத் தயங்குகிற கடையில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மூன்றாவது ஒரு இனம் இருக்கிறது, அச்சில் வார்த்தது. கல்தூளைப் பசையோடு குழைத்து அச்சில் ஊற்றி எடுத்தவை. பார்வைக்குக் கல் மாதிரியே இருக்கும், தூக்கினால் கனமிருக்காது. பக்கவாட்டில் அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய தையல் போல ஒரு கோடு ஓடும், ஊசிமுனைக் குமிழ்கள் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம், வரிசையாக இருக்கிற பத்துப் புத்தர்களுக்கும் ஒரே புன்னகை. கையால் செய்த இரண்டு முகங்கள் ஒன்றாக இருக்கவே முடியாது.

கருங்கல்தான் என்று உறுதியான பிறகு தட்டிப் பாருங்கள். ஸ்தபதிகள் கல்லைத் தேர்ந்தெடுப்பதே காதால்தான். தட்டினால் மணி போல ஒலிப்பது ஆண் கல், அதைவிட மென்மையாக ஒலிப்பது பெண் கல், நாதமே எழும்பாதது மூன்றாவது வகை, பீடத்துக்கும் தளத்துக்கும் ஆகும் என்று சிற்ப மரபு பிரிக்கிறது. நமக்கு அவ்வளவு நுட்பம் வராது. ஆனால் ஒரு நாணயத்தால் சிலையின் நாலைந்து இடங்களில் தட்டினால், எங்காவது ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக விழுகிறதா என்பது யாருக்கும் கேட்கும். அங்கே உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது உடைந்ததைப் பசை போட்டு ஒட்டியிருக்கலாம். பூசைக்கு வாங்குகிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

வேலைப்பாட்டை எடை போட நான் கற்றுக்கொண்ட வழி, முகத்தைக் கடைசியில் பார்ப்பது. முகம் எல்லாக் கடையிலும் நன்றாகத்தான் இருக்கும். வாங்குகிறவர் அங்கேதான் பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் விரல்களைப் பாருங்கள். தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றனவா, ஒரே கட்டியின் மேல் கோடு போட்டிருக்கிறார்களா? கைக்கும் இடுப்புக்கும் நடுவில் கல்லைக் குடைந்து எடுத்திருக்கிறார்களா, வெளிச்சம் தெரிகிறதா? அந்த இடைவெளிகளில்தான் கல் உடையும், அங்கேதான் நாட்கள் கரையும். பிறகு சிலையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பின்னல், அணிகலனின் முடிச்சு, ஆடையின் மடிப்பு இவையெல்லாம் முதுகிலும் இருந்தால், அவர் தன் திருப்திக்காகச் செய்தவர். அளவுப் பொருத்தத்தையும் கவனியுங்கள். முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்து அதன் மடங்கில் முழு உருவத்தையும் அளப்பது சிற்ப சாஸ்திர முறை. பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து. ‘இது எத்தனை தாலம்?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடை வைத்து விற்கிறவர் முழிப்பார். செதுக்குகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து விரலால் அளந்து காட்டுவார், உங்களிடம் பேசும் முறையே மாறிவிடும்.

பாடம் படிக்க இன்னொரு இடமும் உண்டு, இலவசமாக. அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும். அதே குன்றின் தொடர்ச்சியில் தெற்கே சற்று நடந்தால் முடிக்காமல் விட்ட இன்னொரு தபசுப் பாறை இருக்கிறது. ஊரின் மேற்கே பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் எல்லாம் அரைகுறையாகவே நிற்கின்றன. முடிந்த சிற்பத்தில் உளி போன வழி தெரியாது, முடியாததில் அப்படியே தெரியும். கல்லில் முதலில் எதை வெட்டுகிறார்கள், எதைக் கடைசிக்கு வைக்கிறார்கள் என்று அங்கே பத்து நிமிடம் நின்றால் புரியும். பிறகு பட்டறைக்குப் போய் அரை வேலையில் இருக்கிற நந்தியைப் பாருங்கள்.

விலை

பட்டறைக்குப் போகும் முன் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-இல் தொடங்கப்பட்டது. அதன் கடைதான் பூம்புகார். அங்கே எழுதி ஒட்டிய விலை, பேரம் கிடையாது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இன்ன கல்லில் இன்ன அளவுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு மனதில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு தெருவில் நடக்கிற பேரத்தில் நீங்கள் தடுமாறமாட்டீர்கள்.

‘கடைசி விலை சொல்லுங்கண்ணே’ என்று ஒரு முறை நான் கேட்டதற்கு, பட்டறைக்காரர் கையிலிருந்த சுத்தியலை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: ‘விலைய நான் சொல்லல சார். இது எத்தன நாள் வேலைன்னு சொல்றேன், நீங்களே சொல்லுங்க.’ பதினொரு நாள், இரண்டு ஆள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதிலிருந்து இதுதான் என் கணக்கு. எத்தனை நாள் வேலை என்று கேட்பேன். அதை என் ஊரில் ஒரு நல்ல கொத்தனாருக்குக் கொடுக்கிற நாள்கூலியால் பெருக்குவேன். கல்லுக்கும் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் கொஞ்சம் கூட்டுவேன். அவர் சொல்கிற விலை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பேரமே பேசமாட்டேன். சங்குக் கடையில் பாதிக்குப் பாதி கேட்கலாம். பட்டறையில் அப்படிக் கேட்பது அவருடைய கூலியைப் பாதியாக்குவது. சாலையில் இருக்கிற கடைக்குச் சிலை போடுகிறவர்களே அவர்கள்தான் என்பதால், நேரே அவர்களிடம் வாங்கும்போது விலை ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும்.

ஆர்டர் கொடுத்துச் செய்வதாக இருந்தால் எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். எந்தக் கல், என்ன உயரம், எந்தத் தேதி, முன்பணம் எவ்வளவு. உயரத்தில் ஒரு சின்ன வார்த்தை பெரிய தகராறாகும்: ஒன்றரை அடி என்பது பீடத்தோடா, பீடம் இல்லாமலா? எழுதுங்கள். மெருகு ஏற்றிக் கறுப்பாக வேண்டுமா, உளித் தடத்தோடு சாம்பல் நிறத்திலேயே வேண்டுமா என்பதையும் முடிவு செய்யுங்கள். எனக்கு மெருகு ஏற்றாததுதான் பிடிக்கும். இது ருசி விஷயம். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு தடவை போய்ப் பாருங்கள். முகம் முடிந்த பிறகு திருத்தம் சொல்வதில் பயனில்லை. கோயிலில் பிரதிஷ்டை செய்யப்போகிற சிலை என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள்.

பட்டறையில் நிற்கும்போது மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் கட்டிவிடுங்கள். கிரைண்டர் கிளப்புகிற கல்தூளை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரல் கெட்டியாகிவிடும். உங்களுக்கு அரை மணி நேரம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆயுள் முழுக்க. பலர் முகமூடி போடுவதில்லை, கேட்டால் ‘மூச்சு முட்டுது சார்’ என்பார்கள்.

சுமை

கல் வாங்குகிறவர்கள் மறந்துவிடுவது அது கல் என்பதை. ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. செதுக்கி எடுத்தது போக மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே ஓர் அடிப் பிள்ளையார் 25 கிலோ இருப்பார். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா உற்சாகத்தில் இரண்டு அடி நடராசரைக் காட்டி ‘இதைப் பேக் பண்ணுங்க’ என்றால் அவரைச் சற்று உட்காரவைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கையில் எடுத்துப்போக ஆறு அங்குலம் வரை சரி. அதற்கு மேல் என்றால் காரில், அல்லது லாரி பார்சலில். வைக்கோல் அடைத்து மரப்பெட்டியில் அடித்துத் தருவார்கள். பெட்டிக்கும் அனுப்புவதற்கும் தனிக் காசு; அதையும் பேரத்துக்குள் சேர்த்துப் பேசுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகிறதென்றால் இரண்டு காகிதங்கள். ஒன்று, புதிதாகச் செய்தது என்று தெளிவாக எழுதிய ரசீது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. பெரிய சிலை, பழையது போலத் தோன்றுகிற சிலை என்றால் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் இல்லை’ என்று சான்றிதழ் வாங்கிவிடுவது நிம்மதி. இரண்டு, மரப்பெட்டியின் மேல் வெப்பப் பதம் செய்ததற்கான முத்திரை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அது இல்லாத பெட்டியை உள்ளே விடாது. யாராவது குரலைத் தாழ்த்தி ‘இது பழசு சார், ஒரு பழைய கோயில்லேர்ந்து வந்தது’ என்றால், பெரும்பாலும் அது போன மாதம் செய்து சேற்றில் புதைத்து எடுத்தது. பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் நீங்கள் திருட்டுச் சிலை வாங்கியவர்.

வழியில் இரண்டு இடங்கள்

சென்னைக்குத் திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, 1996-இல் திறந்தது. தென்மாநில வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்; குயவர், கூடை முடைகிறவர், கண்ணாடி ஊதுகிறவர் என்று கைத்தொழிலாளர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். கல் அல்லாத எதுவும் வாங்க வேண்டுமென்றால் அங்கே வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, இதை மறந்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பியவர்களில் நானும் ஒருவன். இன்னும் வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் அமைத்தது. அங்கே விலை வேறு உலகம், பார்ப்பதற்குக் காசில்லாமல் நிறைய இருக்கிறது.

கடைசியாக, இடிகல்

சிலை எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு சின்ன இடிகல். ஐந்து ரதச் சாலைப் பட்டறைகளில் சிலைகளுக்கு நடுவே அம்மி, குழவி, இடிகல் எல்லாம் ஓரமாகக் கிடக்கும். விலை மலிவு, தினமும் பயன்படும், இந்த ஊரில் செய்தது என்பதில் சந்தேகம் இருக்காது. மாவுக்கல்லில் வாங்காதீர்கள், மிளகோடு கல்லும் சேர்ந்து இடிபடும். கருங்கல்லில், உட்புறம் கொத்து போட்டுச் சொரசொரவென்று இருப்பதாக, அடிப்பாகம் மேடையில் ஆடாமல் உட்காருவதாகப் பார்த்து எடுங்கள். குழவி உங்கள் கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். வாங்குவது வீட்டில் சமைக்கிறவருக்கு என்றால் அவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சட்னி அரைக்காதீர்கள். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி ஒரு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு பிடி பச்சரிசியை ஊறவைத்துப் போட்டு இடியுங்கள். மாவு சாம்பல் நிறமாக வரும், கொட்டிவிடுங்கள். மாவு வெள்ளையாக வரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும், மூன்று நான்கு தடவை ஆகும். பிறகு கல்லுப்பும் பூண்டும் போட்டு ஒரு முறை. விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், பல்லில் நறநறவென்று எதுவும் தட்டுப்படாவிட்டால் மிளகைப் போடலாம்.